மல்லிநாதனின் எடை

திருவண்ணாமலை,
12.8.1982

அக்காவுக்குத் தன்யகுமார் எழுதுவது.

முதலில் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊர்க்காரர் யாராவது மெட்ராஸ் வந்து, உப்பும் காரமும் சேர்த்து உன் காதில் போடுவார்கள். போன வெள்ளிக்கிழமை காலை நான் நம் மல்லியின் மாத்திரையில் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டேன்.

தெரியாமல் அல்ல, தெரிந்தேதான். 'அந்த மாத்திரையை நீ ஒருநாள் போட்டுப் பார், உன் தம்பி ஏன் அப்படிக் கிடக்கிறான் என்று புரியும்' என்று எழுதியது நீ. இரண்டு வருஷமாக என் வீட்டுப் படி மிதிக்காத அக்கா, தபாலில் விட்ட சவால். நாற்பத்தெட்டு வயதில் தொப்பையைத் தவிர வேறெதுவும் முன்னுக்கு வராத எனக்கு அன்றைக்கு வீரம் முன்னுக்கு வந்துவிட்டது.

விழுங்கிவிட்டு எங்கே போனேன் தெரியுமா? எங்கள் மண்டி முதலாளி இராமலிங்கத்தின் மாமியார் இறந்த வீட்டுக்கு. துக்கம் விசாரிக்க உட்கார்ந்தவன், பக்கத்தில் இருந்த ஒரு சம்பந்தியின் தோளில் சாய்ந்துவிட்டேனாம். எச்சில் வழிந்து அவர் சட்டை நனைந்ததாம். நான் அழுகிறேன் என்று நினைத்து அந்த மனிதர் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறார். "பெத்த புள்ளைங்களே தெம்பா ஒக்காந்துனு கீதுங்க. கணக்குப்புள்ள ஏன் மயங்குறாரு? அந்தம்மாவுக்கு இவரு என்ன வேணும்?" என்று பெண்கள் பக்கம் கிளம்பிய பேச்சு இன்னும் அடங்கவில்லை. எண்பது வயதுக் கிழவியோடு என்னைச் சேர்த்துப் பேசுகிறது ஊர். இளமையில் வராத கெட்ட பேர் இப்போது வந்திருக்கிறது.

ஜட்காவில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். மறுநாள் விடியும்வரை தூங்கினேன். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கனகலதா கத்தினாள், உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். எல்லாம் கேட்டது, அடுத்த வீட்டுக்காரனுக்கு நடப்பதுபோலக் கேட்டது. அந்தத் தூக்கத்தைப் பற்றி இனி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆகையால் உன் பேச்சில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மாத்திரை ஆளை அடித்துப் போடுகிறது. மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது உனக்கு மறந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில், மலை தன்னிடம் பேசுகிறது என்று சட்டையில்லாமல் செங்கம் ரோட்டில் ஓடினானே! ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் அவனைச் சித்தர் என்று கும்பிட்டார்கள். இவன் அவர்கள்மேல் கல் வீசினான். பிடித்து வந்தது நீயா, நானா? பெரிய டாக்டர்கள் அதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்தார்கள். பத்து வருஷமாக இந்த மாத்திரைதான் அவனை மனிதர்களோடு உட்கார வைத்திருக்கிறது.

பெருத்துவிட்டான், உண்மை. ஊரில் எல்லோரும், "தம்பிக்கு நல்லா தேறிடுச்சி, லட்சணமா கீறாரு" என்கிறார்கள். எலும்பும் தோலுமாகக் கத்திக்கொண்டிருந்தவன் சதை போட்டுச் சும்மா இருக்கிறான். அதை வியாதி என்று சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது, உன்னைத் தவிர.

மண்டியில் வரத்து கம்மி. நேற்று கீழ்பென்னாத்தூர் கருப்பன் ஐந்து மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்தான். "வூட்டாண்ட எடை போட்டப்ப ஜாஸ்தி இருந்துச்சி கணக்குப்புள்ள, இங்க கம்மியா காட்டுது" என்றான். முதலாளி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: "வண்டில வர்ற வழியில காத்துப் பட்டுக் காஞ்சிருக்கும்யா." நான் பத்திரிகைகளுக்கு அனுப்பும் சிரிப்புத் துணுக்கு எல்லாம் திரும்பி வருகிறது. இவர் பேசுவது மட்டும் எப்படியோ செல்லுபடியாகிறது.

மல்லி உன்னைக் கேட்டான். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டான்.

தம்பி,
தன்யகுமார்


மெட்ராஸ், பெரம்பூர்,
20.8.1982

தன்யகுமாருக்கு,

உன் கடிதத்தை உன் மாமா சத்தமாகப் படித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீ எச்சில் வழியத் தூங்கியது ஒரு நாள். அவன் பத்து வருஷமாகத் தூங்குகிறான். அதைத் துணுக்காக எழுது, எந்தப் பத்திரிகை போடுகிறது பார்க்கலாம்.

நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதாதே. மாற்ற முடியுமா, குறைக்க முடியுமா என்று டாக்டரைக் கேள் என்றேன். நீ பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி வாங்கிக்கொண்டிருக்கிறாய். நாலு வருஷமாக எந்த டாக்டரும் அவனைப் பார்க்கவில்லை. கனகாதான் எழுதினாள். அவளைத் திட்டாதே.

என் பெண் ஜெயந்திமாலா போன மாதம் அங்கே வந்தபோது எடுத்த போட்டோவைக் காட்டினாள். அதில் மல்லிக்குக் கழுத்தைக் காணோம். நம் அம்மா தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை அவன்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் வேதாவிடம் அந்தப் போட்டோவைக் கொடுத்தேன். "என்ன எடை?" என்றாள். தெரியவில்லை. "சர்க்கரை பாத்தாங்களா?" என்றாள். அதுவும் தெரியவில்லை. இந்த மாத்திரை பசியைக் கிளப்புமாம். ஏற்கெனவே பருமனாக இருப்பவர்களை இன்னும் பருமனாக்குமாம். கூடவே சர்க்கரை வரலாம், இதயத்துக்கும் பாரம். அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். எடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இதையெல்லாம் எனக்கு மாடி வீட்டுப் பெண் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவனை வேலூருக்கு அழைத்துப் போ. முதலாளியிடம் லீவு கேள். செத்த வீட்டில் போய்த் தூங்க லீவு கிடைக்கிறதல்லவா?

சுனந்தா


திருவண்ணாமலை,
15.9.1982

அக்காவுக்கு,

உத்தரவுப்படி வேலூர் போய் வந்தோம். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நானும் மல்லியும் உட்கார்ந்ததும் சீட்டு நிறைந்துவிட்டது. கண்டக்டர், "இன்னொரு டிக்கெட் வாங்குங்க" என்றான். மல்லி என் காதோரம் குனிந்து, "அண்ணா, நான் ரெண்டு பேரா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்டானா, நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் சிரித்தான், பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆரணி தாண்டும்வரை அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பேஷன்ட் நீங்களா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டையையும் செருப்பையும் கழற்றச் சொல்லி மல்லியை எடை பார்த்தார். தொண்ணூற்றெட்டு. சிறுநீரும் சோதித்தார். சர்க்கரை இன்றுவரை இல்லை. நீ பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் கூட்டிக் குறைத்தேன் என்று நாளைக்கு வழக்குப் போடாதே. "மருந்து வேல செய்யுது, அதனால ஒடனே கை வைக்கப் போறதில்ல. ஆனா இந்த எடையோட இந்த மருந்து ஜாஸ்தி நாள் ஓடக் கூடாது. மாசா மாசம் எடை பாருங்க. தை மாசத்துக்குள்ள தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்தா இதையே தொடரலாம். வரலேன்னா காத்திருக்காம கூட்டிட்டு வாங்க. இங்க படுக்க வெச்சி, கொஞ்சம் கொஞ்சமா வேற மருந்துக்கு மாத்தணும். அதுல சதை இவ்ளோ போடாது. ஆனா கை நடுங்கும், கழுத்து இறுகும். கூட ஒருத்தர் இருந்து பாக்கணும். நீங்களா வீட்ல எதையும் நிறுத்தாதீங்க."

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற ஜைன வீடு என்று கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "நல்ல பழக்கம், விடாதீங்க" என்றார். பாவம், பொழுது சாய்ந்தபிறகு பசியோடு மல்லி சமையலறைக் கதவைப் பார்க்கும் பார்வையை அவர் பார்த்ததில்லை. மாத்திரையும் அந்தச் சாப்பாட்டோடுதான் உள்ளே போகிறது. ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறான்.

திரும்பி வரும்போது மல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அக்கா வூட்டுக் கல்யாணம் எப்போண்ணா?" ஜெயந்திமாலாவின் கல்யாணம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று நான் சொல்லவில்லை. நீ வேண்டுமானால் எழுதிச் சொல்.

தன்யகுமார்


பெரம்பூர்,
2.10.1982

தம்பி,

கடைசி வரியை எனக்காகத்தான் எழுதினாய். வந்து சேர்ந்தது.

பெண்ணைப் பெற்றவளின் பயம் உனக்குப் புரியாது. உனக்குப் பெண் இல்லை. சம்பந்தி வீட்டார் அவனைப் பார்த்து, இந்த நோய் உங்கள் குடும்பத்திலேயே உண்டா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அதனால்தான் கல்யாணத்துக்கு அவனைக் கூட்டி வராதே என்று எழுதினேன். செய்தது தப்பு என்று இப்போது எழுதினால் உனக்குக் குளிருமா? எழுதுகிறேன். தப்பு.

வேதா வேலை செய்யும் இடத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் பேசியிருக்கிறாள். படுக்கை தருகிறேன், மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். மல்லியை இங்கே அனுப்பு. ஆஸ்பத்திரியில் நான் கூட இருப்பேன். பிறகு என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன். பின்கட்டில் அல்ல, முன் அறையில். தை வரைக்கும் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

சுனந்தா


திருவண்ணாமலை,
10.11.1982

அக்கா,

உட்கார்ந்து படி. நம் மல்லி இப்போது தொண்ணூற்றிரண்டு கிலோ!

எங்கே எடை பார்ப்பது என்று முதலில் திண்டாடினேன். ரயில்வே ஸ்டேஷன் மிஷின் காசை விழுங்கிவிட்டு மௌன விரதம் இருக்கிறது. நகைக்கடைத் தராசில் மல்லியின் சுண்டுவிரல்கூட நிற்காது. பிறகுதான் மண்டையில் உறைத்தது, நான் வேலை பார்ப்பதே தராசுக்குப் பக்கத்தில் அல்லவா? வேர்க்கடலை மூட்டை போடும் மேடைத் தராசு இருக்கும்போது வேலூர் எதற்கு?

நேற்று வரத்து ஓய்ந்த நேரத்தில் அவனை மண்டிக்கு அழைத்துப் போனேன். சுமை தூக்கும் சுப்பன், "வாங்க தம்பி, ராஜா மாதிரி ஒக்காருங்க" என்றான். மல்லி மேடையில் ஏறிச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், துலாபாரத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி. நானே தராசுக் கம்பியில் குண்டை நகர்த்தி நானே எடை படித்தேன். இருபது வருஷமாக அந்தத் தராசில் படிக்கிறவன், கண் தப்பாது. தொண்ணூற்றிரண்டு. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ! சுப்பன் விசிலடித்தான். மல்லி கண்ணைத் திறந்து, "எறங்கிட்டேனா?" என்று கேட்டான். "எறங்கிட்டடா" என்றேன்.

கருப்பன் அன்றைக்கும் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தான். "ஏன் கணக்குப்புள்ள, ஒங்க தம்பியும் வர்ற வழியில காத்துப் பட்டுக் காஞ்சிட்டாரா?" என்றான். மண்டியே அதிர்ந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. இதை அப்படியே துணுக்காக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன்.

காரணம் என் வைத்தியம்தான். தினமும் விடியற்காலை அவனை மலைப்பாதையில் அடி அண்ணாமலைவரை நடத்திக் கூட்டிப் போகிறேன். அங்கே ஒரு கடையில் உருளைக்கிழங்கு போண்டா வாசனைக்கு அவன் கால் தானாக நின்றுவிடும். கிழங்கு நம் வீட்டுப் படியேறாது என்று நான் ஞாபகப்படுத்துவேன். "இது வூடு இல்லையேண்ணா" என்பான். அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சொன்னவர்கள் இந்த நியாயத்துக்குப் பதில் சொல்லட்டும்.

ஆக, படுக்கை வேண்டாம் என்று உன் பெரிய டாக்டரிடம் சொல்லிவிடு. வேறு விசேஷமில்லை. குளியலறையில் எறும்புத் தொல்லை. மல்லி போய்வரும் மூலையில் சாரை சாரையாக மொய்க்கிறது. கனகலதா பூந்துடைப்பத்தால் அடிபடாமல் ஒதுக்கி, வாசலில் அரிசி மாவு தூவி அங்கே போகச் சொல்லி உபசாரம் செய்துகொண்டிருக்கிறாள்.

தன்யகுமார்


பெரம்பூர்,
5.12.1982

தம்பி,

ஆறு கிலோ என்று படித்ததும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். வேதாவிடம் சொன்னேன். "இவ்வளவு சீக்கிரமா?" என்றாள். நம்பவில்லை. வேலூரிலேயே இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது என்கிறாள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தீபக் கூட்டம் கலைந்துவிட்டதல்லவா, போய் வா. இல்லை, இங்கேயே அனுப்பிவிடு. படுக்கை இன்னும் இருக்கிறது.

எறும்புக்கு மருந்துப் பொடி எதுவும் போட்டுவிடாதீர்கள். மாவு வைத்தால் தானாகப் போய்விடும்.

சுனந்தா


திருவண்ணாமலை,
20.1.1983

அக்காவுக்கு,

தை பிறந்துவிட்டது. மார்கழியில் தொண்ணூற்று மூன்று, நேற்று மறுபடியும் தொண்ணூற்றிரண்டு. டாக்டரம்மா போட்ட கோடு தொண்ணூற்றைந்து. கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறோம். பிறகு எதற்கு வேலூர், எதற்கு மெட்ராஸ்? நான் எடை பார்த்து எழுதினால் உன் மாடி வீட்டு நர்ஸுக்கு நம்பிக்கை இல்லை. கணக்குப்பிள்ளையின் வாக்கு அவ்வளவு மட்டமா?

மல்லியை அனுப்ப மாட்டேன். காரணத்தை நீ தப்பு என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிட்டாய். நான் இன்னும் முடிக்கவில்லை. உன் பெண்ணின் கல்யாணத்தன்று என்ன நடந்தது தெரியுமா? கூட்டி வராதே என்ற உன் கடிதம் முதல் நாள்தான் வந்தது. அதற்குள் அவனுக்குப் புது வேட்டி எடுத்தாகிவிட்டது. அவனே முகம் மழித்துக்கொண்டு, அவனே பஸ் ஸ்டாண்டு போய், மஸ்தான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். நான் ஓடிப்போய், கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது என்று பொய் சொன்னேன். "அப்ப வேட்டிய அவுத்து மடிச்சி வெச்சிக்கிறேன்" என்றான். மஸ்தான் திரும்பி நின்று பால் ஆற்றினார். அந்த வேட்டி இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இனி விரித்தாலும் அவன் இடுப்புக்குப் போதாது.

முன் அறையில் வைத்துக்கொள்கிறாயாம். சம்பந்தி வந்தால் எந்த அறைக்குப் போவான்?

அவன் இங்கே சௌகரியமாக இருக்கிறான். சாயந்திரம் ஆனால் தண்ணீரும் தொடக்கூடாது என்ற விரதத்தை மட்டும் அவனுக்காகத் தளர்த்திவிட்டோம். காலையில் பார்த்தால் குடம் காலி. நடக்கிறான், வியர்க்கிறது, குடிக்கிறான். குடிக்கட்டும்.

ஒரு நல்ல செய்தி. கருப்பன் சொன்ன துணுக்கைப் பத்திரிகை போட்டுவிட்டது.

தன்யகுமார்


பெரம்பூர்,
14.3.1983

தன்யகுமாருக்கு,

நான் வந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நானும் எழுப்பவில்லை. காரியம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

மல்லிக்கு முப்பத்து நாலு வயது. அவன்மேல் போர்த்தியிருந்தது அந்தப் புது வேட்டி என்று கனகா சொன்னாள்.

அன்று காலை என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ எழுது. சிரிப்பு வேண்டாம்.

சுனந்தா


திருவண்ணாமலை,
25.3.1983

அக்கா,

எழுதுகிறேன்.

முதல் நாள் சாயந்திரம் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்றான். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான். காலையில் நடக்கக் கூப்பிட்டேன். எழவில்லை. உலுக்கினேன். கண் பாதி திறந்து மூடியது. மூச்சு பெரிது பெரிதாக வந்தது. கனகலதா வந்து குனிந்து பார்த்து, "ஏங்க, மூச்சுல பழம் அழுகுன வாசன அடிக்குதுங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறாயா? "இது மாத்திரைத் தூக்கம். நான் தூங்கிப் பாத்திருக்கேன். உள்ள எல்லாம் கேக்கும், எழுந்திரிக்கத்தான் முடியாது. தூங்கட்டும்" என்றேன். அதோடு நின்றேனா? "கனவுல பலாப்பழம் சாப்புடுறான்போல" என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு மண்டிக்குப் போனேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோதும் அதே இடத்தில் அதே பக்கமாகக் கிடந்தான். கனகலதா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுப்பனைக் கூப்பிட்டு, மூன்று பேராகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்து, மருந்து கலந்து என் கண்ணெதிரே காய்ச்சினார். நீலமாக இருந்தது செங்கல் நிறத்துக்கு மாறியது. "சர்க்கரை தலைக்கு மேல போயிருக்கு. எத்தன மாசமா தண்ணி ஜாஸ்தி குடிக்கிறார்? எறும்பு மொய்க்கறத யாரும் பாக்கலையா?" என்று கேட்டார். பார்த்தோம், மாவு வைத்தோம் என்று எப்படிச் சொல்வது? ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டான்.

நீ கொடுத்த படுக்கையை நான் வேண்டாம் என்றேன். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

தன்யகுமார்


பெரம்பூர்,
10.4.1983

தம்பி தன்யா,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். பிறகு உன் எல்லாக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, வேதாவோடு அந்தப் பெரிய டாக்டரிடம் போனேன். யார்மேல் குற்றம் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். உன்மேல் என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது. மறைக்கவில்லை.

அவர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். எடையை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டார். "98-லிருந்து 92-க்கு வந்து, அங்கேயே நின்னிருக்கு. மருந்து ஒத்துக்குதுன்னுதான் நானும் நெனச்சிருப்பேன்மா. மாத்தியிருக்க மாட்டேன். சர்க்கரை சில பேருக்கு எடை கொறஞ்சாலும் வந்துடும். வேலூர்ல சொன்னபடி ஒங்க தம்பி மாசா மாசம் பாத்திருக்காரு. இதுகூட ஜாஸ்தி பேர் செய்யறதில்ல" என்றார்.

படி இறங்கும்போது எனக்கு எறும்பு ஞாபகம் வந்தது. எறும்புக்கு மாவு வை என்று எழுதியவள் நானும்தானே? நீ அவனை நடத்திக் கூட்டிப் போனாய், எடை பார்த்தாய். நான் கடிதம்தான் எழுதினேன். உன்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். கல்யாணத்துக்குக் கூப்பிடாத பாவம் என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீ சரியாகச் செய்திருக்கிறாய், தன்யா. அதை நினைத்தாவது சாப்பிடு.

கனகாவோடு இங்கே வந்து நாலு நாள் இரு.

அக்கா,
சுனந்தா


திருவண்ணாமலை,
2.5.1983

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கனகலதாவிடம் படித்துக் காட்டினேன். அவள் அன்றைக்குத்தான் என்னோடு பேசினாள். நானும் அன்றைக்குத்தான் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினேன். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததில் மடிப்பு கிழிந்துவிட்டது. மெட்ராஸ் வர லீவுகூடக் கேட்டுவிட்டேன்.

வருவதா வேண்டாமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ எழுது.

நேற்று முன்தினம் மண்டியில் ஒரே அமளி. தராசுக்கு முத்திரை போடும் இன்ஸ்பெக்டர் திடீரென்று வந்து இறங்கினார். கருப்பன் மனுக் கொடுத்திருந்தானாம். முதலாளி இளநீர் வெட்டச் சொன்னார். இன்ஸ்பெக்டர் குடிக்கவில்லை. ஜீப்பிலிருந்து அரசாங்க எடைக்கல்லை இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் இருபது கிலோ. சுப்பன் ஐந்தைத் தூக்கி மேடையில் அடுக்கினான், மொத்தம் நூறு கிலோ. குடியானவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"தினம் படிக்கிறது யாரு?" என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார்.

"அப்ப நீங்களே படிங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

குண்டை நகர்த்தினேன். கம்பி அசைந்து நேராக நிற்கும்வரை காத்திருந்து படித்தேன்.

தொண்ணூற்று நான்கு.